மீன் கடைசியில்தான்... வரவேற்பறையில் ஒரு குட்டிக் குளம்!

பழைய குக்கர், கொலுப்படி, பிள்ளைகள் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள். இவற்றோடு நம்மில் பலர் வீட்டுப் பரணில் இன்னொரு பொருளும் தூசி படிந்து கிடக்கும்: காலி மீன் தொட்டி.

அதன் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டிருக்கும். தொட்டி, நீலக் கலர் கூழாங்கல், வாயைத் திறந்து திறந்து குமிழி விடும் பிளாஸ்டிக் பொம்மை, நான்கு கோல்டு ஃபிஷ் என எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு வந்திருக்கும். புதன்கிழமை தண்ணீர் கழுநீர் மாதிரி கலங்கும். வெள்ளிக்கிழமை ஒரு மீன் மிதக்கும். அடுத்த வாரத்துக்குள் மீதியும் போய்விடும். பிள்ளை அழும். பாட்டி சமாதானம் சொல்வார்: "விடு கண்ணு, வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிருக்கு." இரண்டாவது முறையும் அப்படியே நடந்தால், "நம்ம வீட்டு ராசி, மீன் தங்காது" என்று தீர்ப்பாகிவிடும்.

ராசியும் இல்லை, கண்டமும் இல்லை. அந்த மீன்கள் செத்தது பெரும்பாலும் அம்மோனியாவால்.

மீன் மூச்சு விடும்போதும் கழிவு போடும்போதும் தண்ணீரில் அம்மோனியா சேர்கிறது. தின்னாமல் மிச்சம் கிடக்கும் தீவனம் அழுகினாலும் அதேதான். குளத்தில் இதைச் சாப்பிட பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மீனுக்குப் பெரிய தொல்லை தராது. செடிக்கோ அது உரம். கடையிலிருந்து கொண்டுவந்து கழுவித் துடைத்து வைத்த புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவில் இருக்காது. அவை பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நாம் முதல் நாளே மீனை விட்டுவிடுகிறோம்.

அரைத்த மாவை உடனே தோசைக்கல்லில் ஊற்றினால் என்ன ஆகும்? அது புளிக்க ஒரு ராத்திரி வேண்டும். தொட்டி 'புளிக்க' ஒரு மாதம் வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒரு மாதத்தைச் சும்மா வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதுதான் செடித் தொட்டியின் அழகு. மண், கல், சிறு அருவி, செடிகள் எல்லாம் முதலில். மீன் கடைசியில்.

நத்தை சொன்ன பாடம்

செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கிப் பிழைக்கும் என்பதைக் கண்ணாடித் தொட்டியில் செய்து பார்த்தவர்களில் முன்னோடி, லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர். 1850-ல் அவர் தன் சோதனையை எழுதி வெளியிட்டார். இரண்டு சின்ன கோல்டு ஃபிஷ், கொஞ்சம் வாலிஸ்னேரியா செடி. கொஞ்ச நாளில் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீரைக் கெடுத்தன. அவர் தண்ணீரைக் கொட்டவில்லை. சில நத்தைகளை விட்டார். அவை அழுகிய இலையைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. 1853-ல் லண்டன் உயிரியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்த பிறகு வீட்டில் தொட்டி வைப்பது அங்கே ஒரு மோகமாகவே ஆனது.

நம் காலத்தில் செடித் தொட்டியை ஓவியம் போல ஆக்கியவர் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ. முன்னாள் சைக்கிள் பந்தய வீரர், அப்புறம் புகைப்படக் கலைஞர். போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன் மீன் காட்சியகத்தில் அவர் 2015-ல் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம். அவருடைய கடைசிப் பெரிய வேலை அதுதான். அதே ஆண்டு மறைந்தார். இன்று யூடியூபில் மலை, காடு, புல்வெளி என்று மயக்கும் தொட்டிகளில் பாதி அவர் பாணியின் பிள்ளைகள்தான். ஆனால் அந்தப் பாணிக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், பளீர் விளக்கு, வாராவாரம் கத்தரி எல்லாம் வேண்டும். என்னைக் கேட்டால், முதல் தொட்டிக்கு அந்த வீடியோக்களைப் பார்த்து ஏங்காமல் இருப்பது நல்லது.

நமக்கு உதவுகிறவர் அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட். 1999-ல் வந்த அவருடைய புத்தகம் சொல்லும் வழி எளிமையானது: அடியில் சாதாரணத் தோட்ட மண், மேலே மணல், நிறையச் செடி, கொஞ்சம் மீன், அளவான வெளிச்சம். நம் ஊர் வீட்டுக்கு இதுதான் ஒத்துவரும்.

எவ்வளவு பெரிய தொட்டி?

சின்னத் தொட்டி சுலபம் என்று நினைப்போம். நேர்மாறு. தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் சீக்கிரம் ஏறும், விஷமும் சீக்கிரம் சேரும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை வாங்கவே வேண்டாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரம் என்பது நல்ல ஆரம்பம். இதில் 9 அங்குலம் வரை மட்டும் தண்ணீர். மேலே மிச்சமுள்ள 6 அங்குலம்தான் அருவிக்கும் கரைச் செடிகளுக்கும். மண்ணும் கல்லும் போக சுமார் 35 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

கண்ணாடி, மண், கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 70 கிலோ. ஒரு ஆள் ராப்பகலாக ஏறி உட்கார்ந்திருப்பதற்குச் சமம். டிவி ஸ்டாண்டு, பிளாஸ்டிக் மேஜை, ஷோகேஸ் தட்டு எதுவும் இதைத் தாங்காது. இரும்பு ஸ்டாண்டு அல்லது கனமான மர மேஜை வேண்டும். அடியில் ஒரு தெர்மோகோல் ஷீட் விரித்தால் சின்ன மேடு பள்ளம் சரியாகி, கண்ணாடி விரிசல் விடாது. தண்ணீர் ஊற்றிய பிறகு தொட்டியை நகர்த்தவே கூடாது. ஆகவே இடத்தை முதலிலேயே வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். நேர் வெயில் படும் ஜன்னல் ஓரம் கூடாது, ஒரே வாரத்தில் பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும். சாமி அலமாரிக்கு அடியிலும் வேண்டாம். ஊதுவத்திப் புகையும் விளக்கு எண்ணெயும் தண்ணீர் மேல் படலமாகப் படியும்.

வாங்கி வந்ததும் பால்கனியில் வைத்து முழுக்கத் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் கசிவு பாருங்கள். ஒழுகினால் ஒட்ட சிலிகான் வாங்கும்போது மீன் தொட்டிக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். குளியலறைக்கான சிலிகானில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும்.

மண், கல், அருவி

மண் என்றதும் நர்சரிக்குப் போய் உரம் கலந்த மண் மூட்டை வாங்கிவிடாதீர்கள். தொழு உரம், மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு கலந்தது எதுவும் ஆகாது. தண்ணீருக்கடியில் அது அழுகி நாறும். ரசாயன உரம் விழாத தோட்டத்துச் செம்மண்ணோ வண்டல் மண்ணோ போதும். சல்லடையில் சலித்து, வாளியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிதக்கும் வேர், சருகை வடித்துக் கொட்டுங்கள். மூன்று நான்கு முறை. பிறகு குழைவாக, களிமண் பதத்தில் ஒரு அங்குல உயரத்துக்குத் தொட்டியின் அடியில் பரப்ப வேண்டும். கண்ணாடி ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டுப் பரப்பினால், வெளியிலிருந்து பார்க்கையில் சேறு தெரியாது.

அதன்மேல் ஒன்றேகால் அங்குலம் பருமணல். அரிசி களைவது போல, களைந்த தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவிப் போடுங்கள். ரவையை விடப் பெரிதாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் சரி. மாவு போன்ற மணல் இறுகி, அடிமண்ணுக்குக் காற்று போகாமல் அடைத்துவிடும். கடல் மணல், சிப்பி, பவளத்துண்டு வேண்டாம்.

கல்லைத் தேர்ந்தெடுப்பதில் சமையலறை உதவும். கல்லின் மேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டிக்கொண்டே போகும். கருங்கல் பிரச்னை தராது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடக்கும் ஜல்லியில் சிமென்ட் ஒட்டியிருக்கலாம், தவிர்த்துவிடுங்கள்.

அருவி என்றதும் பயப்பட வேண்டாம். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் கைக்கு அடக்கமான பம்ப் ஒன்று, ஒன்றரை அடி டியூப், தட்டையான கற்கள். தொட்டியின் பின்மூலையில் பெரிய கல் கீழே, சிறியது மேலே என்று படியாக அடுக்கி, கற்களைச் சிலிகானால் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். புளிப்பு வாடை முற்றிலும் போன பிறகே தண்ணீர். இந்த அடுக்கை மணலின் மேல் வைத்தால் நாளடைவில் சாயும். மண் போடுவதற்கு முன்பே, தொட்டியின் தரையில் ஒரு தெர்மோகோல் துண்டு வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். பம்ப் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். டியூப் மேற்படியில் வந்து முடியும். பம்பின் வாயில் ஒரு ஸ்பாஞ்சை மாட்டினால் அதுவே ஃபில்டர். நாம் ஒரு மாதம் காத்திருந்து வளர்க்கும் பாக்டீரியாக்களின் முக்கியமான வீடு அந்த ஸ்பாஞ்சுதான்.

தண்ணீர் தடதடவென்று கொட்ட வேண்டாம். கல்லை நனைத்துக்கொண்டு வழிந்தாலே போதும். கொட்டும் உயரம் அதிகமானால் சுவரெல்லாம் சாரல். ராத்திரி அந்தச் சத்தம் யாருக்குத் தூக்கம் வரவைக்கும், யாருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும்!

மின்சார விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. பிளக் பாயின்ட் தொட்டியைவிட உயரத்தில் இருப்பது நல்லது. அது முடியாவிட்டால் வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறிச் செருகப்பட வேண்டும். வயரில் வழியும் தண்ணீர் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். தண்ணீருக்குள் கை விடும் முன் ஸ்விட்சை அணைப்பது வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்குப் பழக்கமாக வேண்டும். கரன்ட் பில்? 8 வாட் பம்ப் நாள் முழுக்கவும், 18 வாட் எல்.ஈ.டி. தினம் 8 மணி நேரமும் ஓடினால் மாதம் சுமார் 10 யூனிட்.

நம் வயல் வரப்புச் செடிகள்

செடி வாங்கப் போனால் பெயர்கள் எல்லாம் வெளிநாட்டு விருந்தாளிகள் மாதிரி இருக்கும். கூர்ந்து பார்த்தால் பாதிப்பேர் நம் சொந்தக்காரர்கள். கடைக்காரர் 'பக்கோபா' என்று எடுத்துக் கொடுப்பது பல நேரம் நம் நீர்ப்பிரமிதான். ஞாபகசக்திக்கு என்று நாட்டு மருந்துக் கடையில் பொடியாக விற்கிறார்களே, அதே செடி. வாய்க்கால் ஓரத்தில் படர்ந்து கிடக்கும். தண்ணீருக்குள் நட்டால் நிமிர்ந்து வளரும், மேலே வந்தால் குட்டிப் பூவும் பூக்கும். (அதற்காகத் தொட்டியிலிருந்து பறித்துத் துவையல் அரைத்துவிட வேண்டாம்.) தொட்டியின் முன்பக்கம் புல்வெளி போலப் படர விடும் 'மார்சிலியா', நாலு இலையுள்ள நம் ஆரைக்கீரையின் குடும்பம். 'ஹைக்ரோஃபிலா' நீர்முள்ளியின் உறவு. 'அபோனோஜெட்டான்' என்று கிழங்காக விற்பது, ஔவையாரின் மூதுரையில் வரும் கொட்டியின் இனம். 'கிரிப்டோகோரைன் வென்டியை' இலங்கையின் ஓடைகளுக்கே உரியது. மங்கலான வெளிச்சத்திலும் தளராத செடி.

உண்மையான வெளிநாட்டுக்காரர்களில் இரண்டு பேரைத் தயங்காமல் அழைக்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபியாஸ், தென்கிழக்கு ஆசியாவின் ஜாவா ஃபெர்ன். இந்த இரண்டின் தண்டுக்கிழங்கையும் மணலில் புதைத்தால் அழுகும். கல்லோடு சேர்த்துத் தையல் நூலால் கட்டிவிட வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் வேர் கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் நாளே நெருக்கமாக நடுங்கள். "இப்ப நாலு செடி வைப்போம், அப்புறம் பார்க்கலாம்" என்ற சிக்கனம்தான் பாசிக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கிறது. மண்ணிலிருந்து வரும் சத்தைச் செடி எடுத்துக்கொள்ளாவிட்டால் பாசி எடுத்துக்கொள்ளும்.

நட்ட இரண்டாவது வாரத்தில் பலர் பதறுவார்கள். கிரிப்டோகோரைன் இலைகள் கூழாகிக் கரையும். பண்ணைகளில் இவற்றைத் தண்ணீருக்கு மேல் இலை இருக்கும்படி வளர்ப்பது வழக்கம். தண்ணீருக்குள் வந்ததும் பழைய இலையைக் கழற்றிவிட்டுப் புது இலை போடும். பிடுங்கி எறியாதீர்கள், வேர் உயிரோடுதான் இருக்கும். கூழான இலையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அருவிக் கல் இடுக்குகளில் மணி பிளான்ட், சிங்கோனியம், பீஸ் லில்லி ஆகியவற்றை இலை வெளியே, வேர் தண்ணீரில் என்று செருகுங்கள். அழகுக்கு மட்டும் இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு தட்டுப்பாடு. இவற்றுக்கோ காற்றிலிருந்தே கிடைக்கிறது. அதனால் வேகமாக வளர்ந்து, தண்ணீரில் சேரும் கழிவுச் சத்தை வேரால் உறிஞ்சித் தள்ளும். சம்பளம் இல்லாத துப்புரவுப் பணியாளர்கள். ஒரே எச்சரிக்கை: இம்மூன்றின் இலையையும் கடித்தால் வாயும் நாக்கும் எரியும். தவழும் குழந்தை, இலை கடிக்கும் பூனை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஏரியிலிருந்து நேரடியாகச் செடி பறித்து வந்து போடாதீர்கள். அட்டை, தட்டாம்பூச்சியின் நீர்ப்புழு எல்லாம் கூடவே வரும். அந்தப் புழு மீன்குஞ்சுகளைத் தின்றுவிடும். கடைச் செடியாக இருந்தாலும் நான்கு லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி படிகாரம் கரைத்த தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி நட்டால் நத்தைத் தொல்லை குறையும்.

எந்தத் தண்ணீர்?

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். அகன்ற வாளியில் திறந்து ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரத்துக்குக் கடையில் 'ஆன்ட்டி குளோரின்' சொட்டு மருந்து இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் செடிக்கும் மீனுக்கும் வேண்டிய உப்புகளே இருக்காது. ரொம்பக் கடினமான போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலப்பது சரியான வழி.

போர் தண்ணீர்க்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மோனியாவின் விஷம் தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. பி.ஹெச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அதே அளவு அம்மோனியாவில் விஷ வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெயில் காலச் சூடு அதை இன்னும் கூட்டும். "ஊரில் என் தம்பி வீட்டில் மறுநாளே மீன் விட்டான், ஒன்றும் ஆகலையே" என்பவருக்கான பதில் இதில் இருக்கலாம். தம்பி வீட்டுத் தண்ணீர் வேறு.

தண்ணீர் ஊற்றும்போது மணலின் மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் அரை நாள் உழைப்பு சேற்றுக் குழம்பாகிவிடும்.

அந்த ஒரு மாதம்

பம்ப் ஓடட்டும், விளக்கு தினம் 6 மணி நேரம் எரியட்டும். ஒரு டைமர் பிளக் வாங்கிவிட்டால் மறதிப் பிரச்னை இல்லை. நாளுக்கு ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டுவாருங்கள். மீன் இல்லாமல் தீவனமா என்று வீட்டில் சிரிப்பார்கள். அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் பழைய தொட்டி இருந்தால், அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் பம்பின் அருகே போடுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். காத்திருப்பு நன்றாகக் குறையும். ஸ்பாஞ்சு வரும் வழியில் காயக் கூடாது, குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது.

இந்த மாதத்தில் கவனிக்க வேண்டிய எதிரி கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் தேங்கி நிற்கும் சுத்தமான தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டை, கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அருவி ஓடித் தண்ணீர் மேற்பரப்பு அசைந்துகொண்டே இருந்தால் அது முட்டையிடத் தயங்கும். ஆனால் கல் இடுக்கில் அசையாமல் நிற்கும் மூலைகள் இருக்குமே! மேலே நைலான் கொசுவலைத் துணியைப் போர்த்துங்கள். புழு நெளிகிறதா என்று டார்ச் அடித்து வாரம் இருமுறை பாருங்கள். இதே கண்ணோடு வீட்டிலுள்ள மணி பிளான்ட் பாட்டிலையும் பார்த்துவிடுங்கள், வாராவாரம் தண்ணீர் மாற்றாத அந்த பாட்டில் தொட்டியைவிட ஆபத்தானது. மீன் வந்த பிறகு இந்தக் கவலை இல்லை. கொசுப்புழு என்றால் கப்பி மீனுக்குக் கொண்டாட்டம்.

நான்கு வாரம் முடிந்ததும் சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் வாங்கி அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும், அதுவும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து. ஒன்று மட்டும் பூஜ்யம் என்றால் இன்னும் பொறுங்கள். இந்தச் சோதனையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம். நிறம் மாறுவதைப் பார்த்து நோட்டில் எழுதுவதில் அவர்களுக்கு இருக்கும் ஆர்வம், மீன் மீதான அவசரத்தைக் கொஞ்சம் தணிக்கும்.

இனி மீன்

சென்னைக்காரர்கள் என்றால் கொளத்தூர் கடைத்தெருவுக்கு ஒரு நடை. பார்ப்பதையெல்லாம் வாங்கத் தோன்றும். 35 லிட்டருக்கு ஆறிலிருந்து எட்டு சின்ன மீன். அதையும் ஒரே நாளில் விடாமல் மூன்று, இரண்டு வாரம் கழித்து மூன்று என்று விடுங்கள்.

கடினத் தண்ணீருக்குக் கப்பி, பிளாட்டி பொருத்தம். கப்பியில் ஆண் மீன்களை மட்டும் வாங்குங்கள். பெண் ஒன்று கலந்தாலும் மாதம் ஒரு பிரசவம். ஓரளவு மென்மையான தண்ணீர் என்றால் இலங்கையின் செர்ரி பார்ப் நன்றாக இருக்கும். நியான் டெட்ராவின் நீலக்கோடு யாரையும் மயக்கும்தான். அது அமேசான் பகுதியின் மென்மையான தண்ணீருக்குப் பழகியது, போர் தண்ணீரில் விட்டுச் சாகடிக்க வேண்டாம். கோல்டு ஃபிஷ் இந்தத் தொட்டிக்கு இல்லவே இல்லை. குளிர்ந்த நீரில் வாழும் மீன், அரை அடிக்கு மேல் வளரும், செடியையும் மேயும். 'டேங்க் கிளீனர்' என்று கையில் திணிக்கப்படும் சக்கர் மீனும் வேண்டாம். விரல் நீளத்தில் வாங்கியது ஒரு அடியைத் தாண்டும்.

தீவனம் ஒரு நாளைக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. தாத்தா ஒரு முறை, பேத்தி ஒரு முறை, வேலை முடிந்து வந்த அப்பா ஒரு முறை என்று போடும் வீடுகளில்தான் தண்ணீர் கலங்குகிறது. யார் போடுவது என்று ஒருவரை நியமியுங்கள். வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கோ துளசிக்கோ ஊற்றிப் பாருங்கள், நைட்ரேட் உரம் அது. ஸ்பாஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலச வேண்டும். குழாயடியில் பளிச்சென்று கழுவினால் ஒரு மாதத் தவம் வீண்.

சித்திரை, வைகாசியில் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி இல்லை, மூச்சுத்திணறல். ஐஸ் கட்டியைப் போடாதீர்கள், திடீர்க் குளிர்ச்சி இன்னொரு அதிர்ச்சி. சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்துத் திருப்பிவிட்டால், ஆவியாதலில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானைத் தத்துவம்தான். குறைகிற தண்ணீரை மட்டும் அவ்வப்போது ஊற்றி வாருங்கள்.

ஏரியில் விடாதீர்கள்

ஆறு மாதத்தில் தொட்டி நிறைந்து வழியும். செடி கத்தரித்த மிச்சம் குவியும், கப்பி பெருகியிருக்கும், வீடு மாற்றும் குடும்பங்களுக்குத் தொட்டியே சுமையாகும். அப்போது தோன்றும் நல்ல எண்ணம், "பாவம், ஏரியில் விட்டுவிடுவோம்." அந்த நல்ல எண்ணத்தால் வந்த வினைகள் கொஞ்சமல்ல. தொட்டிக்காக வந்த தென் அமெரிக்க சக்கர் மீன் இன்று தமிழக ஏரிகளிலும் வலையில் சிக்குகிறது. அதன் முரட்டு முள்ளும் தோலும் வலையைக் கிழிக்கும், விற்றாலும் வாங்க ஆளில்லை, உள்ளூர் மீன்களின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. 2020-ல் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் ஆவளபாண்டியில் நீரோடை முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்து, படமெடுக்கக் கூட்டம் அலைமோதியது நினைவிருக்கிறதா? அது கபோம்பா. தென் அமெரிக்கச் செடி, மீன் தொட்டிகளில் வளர்ப்பது. போனவர்களில் சிலர் பூச்செடியை வீட்டுக்கும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். துண்டு விழுந்த இடமெல்லாம் முளைத்து நீரோட்டத்தை அடைக்கும் செடி அது. நம் ஊர் ஹைட்ரில்லாவும் இதே வேலையை வெளிநாட்டில் செய்தது. 1950-களில் தொட்டிச் செடியாக ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே ஏரிகளை மூடிவிட்டது.

கத்தரித்த செடிகளைக் கழிவுநீர்க் கால்வாயில் போட்டாலும் ஏரிக்குத்தான் போகும். மொட்டை மாடியில் இரண்டு நாள் சுருளக் காயவைத்துப் பூந்தொட்டிகளுக்கு மூடாக்காகப் போட்டுவிடுங்கள். மிஞ்சிய மீன்களை வாங்கிய கடையிலேயே கேட்டால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாலும் ஆள் கிடைக்கும். அப்படி யாராவது வாங்க வந்தால், மீன் கொடுப்பதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் நீர்ப்பிரமியும், ஈரம் காயாமல் ஒரு துண்டு ஸ்பாஞ்சும் கொடுத்தனுப்புங்கள். மீனை அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.